நடையர் நாட்டுக்குக் கூழாங்கற்களோடு

காளஹஸ்தியில் சொர்ணமுகி ஆற்று மணலில் அமர்ந்து நான் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பட்டாணி அளவில், வழவழப்பாக, எங்கும் முனையில்லாத கற்களாகப் பார்த்துத் துணிப்பையில் போட்டேன். கரையில் ஜீப்பை நிறுத்திவிட்டு வேப்பமரத்தடியில் நின்ற ஓட்டுநர் முனிரத்னத்துக்குப் பொறுமை போய்விட்டது.

"மலைக்குப் போறவங்க வரும்போது லட்டு வாங்கினு வருவாங்க. நீ இன்னாமா, போகும்போதே கல்லு பொறுக்கினு போற?"

"விருந்துக்குப் போறவ வெறுங்கையோட போகலாமா முனிரத்னம்? அவங்களுக்கு இது வெத்தலை பாக்கு மாதிரி."

"பல்லு போயிடுமேம்மா."

"அவங்களுக்குப் பல்லே கிடையாது."

"அதானே. ஈமு கோழிக்கு ஏது பல்லு?" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும், "சும்மா சொன்னேம்மா, தப்பா எடுத்துக்காத. நல்ல ஜனங்கோ" என்று சேர்த்துக்கொண்டார்.

எங்கள் சித்தூர்ப் பக்கத்தில் நடையரைப் பற்றி யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. தொலைவிலிருந்து வாசிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். மலைகளுக்கு அப்பால் இருக்கும் தங்கள் நாட்டிலிருந்து மாம்பழப் பருவத்தில் அவர்கள் எங்கள் ஊருக்கு வேலைக்கு வருவார்கள். நம்முடைய உயரம்தான். மேனியெங்கும் தவிட்டு நிறத் தூவி, வாய்க்குப் பதிலாக அலகு, சிறகு இருக்க வேண்டிய இடத்தில் மூன்று விரல்களோடு குட்டையான கை. பறக்க மாட்டார்கள். ஆதியில் எல்லாரும் நடந்தார்கள் என்றும், சிலர் நிலத்தோடு சண்டையிட்டு மேலே போய்விட்டார்கள் என்றும், தாங்கள் தங்கிவிட்டவர்கள் என்றும் அவர்கள் நம்புகிறார்கள். அதனால் வானத்தில் ஒரு பறவை போனால் நடையர் தலையைக் குனிந்துகொள்வார்கள். வீட்டைவிட்டு ஓடிப்போன உறவினர் எதிரே வந்தால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வதில்லையா, அப்படி.

திருப்பதியில் அவர்களைப் பார்க்கலாம். அலிபிரியில் படிக்கட்டின் அடியில் நின்று முதற்படியை அலகால் தொட்டுவிட்டு ஏறுவார்கள். மலைக்குப் போகும் பேருந்துகளின் ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் நம்மவர்களை, நோயாளிகளைப் பார்ப்பதுபோல் பரிவோடு பார்ப்பார்கள்.

சென்ற பருவத்தில் என் வீட்டுப் பின்னறையில் ஒரு நடையர் தம்பதி குடியிருந்தது. மனைவியின் பெயர் ஊலி. மாங்கூழ் ஆலையில், பழத்தை மோந்தே பக்குவம் சொல்லும் வேலை. பொழுது விடியுமுன் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவாள். எங்கள் ஊர்த் தமிழை எங்களைவிடத் திருத்தமாகப் பேசக் கற்றுக்கொண்டாள். கணவன் மோவு வேலைக்குப் போகவில்லை. அவர்களிடையே முட்டையின்மேல் அமர்வது தகப்பனின் கடமை. உள்ளேயிருக்கும் குழந்தை, ஊரின் செவியர்கள் கேட்க, ஓர் அழைப்புக்குப் பதில் சொல்ல வேண்டும். அதுவரை அடைகாப்பவன் உண்ண மாட்டான், பேச மாட்டான்; தண்ணீர் மட்டும் குடிப்பான். செவியர் என்பவர்கள் ஓட்டின்மேல் காது வைத்துக் கேட்பதையே தொழிலாகக் கொண்ட முதியவர்கள். சித்தூரில் அப்படி யாரும் இல்லாததால் மோவு அந்தப் பின்னறை ஜன்னலோரம் வைக்கோல்மேல் கண்மூடி அமர்ந்திருந்தான். அவன் குரலை நான் ஒருமுறையும் கேட்டதில்லை.

ஞாயிறுதோறும் ஊலி என் சமையலறைக்கு வந்து, நான் அரிசியில் பொறுக்கிப்போடும் கற்களை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்துக்கொள்வாள். நம் வீடுகளில் சோற்றில் கல் கிடந்தால் அன்றைக்குச் சண்டை. நடையருக்கோ கல்லில்லாத சோறு செரிப்பதில்லை.

பருவம் முடிந்து அவர்கள் முட்டையோடு ஊர் திரும்பினார்கள். சில வாரங்கள் கழித்து, எல்லைத் தேநீர்க் கடையிலிருந்து ஊலி தொலைபேசியில் அழைத்தாள்.

"அக்கா, முட்டை பதில் சொல்ல மாட்டேங்குது. ஊர்ப் பொம்பளைங்க எல்லாம் கூப்ட்டாச்சி. நிலா தேயறதுக்குள்ள சொல்லலன்னா அவர எழுப்பிட்டு முட்டைய ஆத்து மணல்ல பொதைச்சிடுவாங்க. அவரு எழுந்துக்க மாட்டேன்னு உக்காந்துகினு கீறாரு. எலும்பா பூட்டாரு அக்கா."

"உயிர் இருக்கா ஊலி?"

"உன் வூட்ல இருந்தப்போ உள்ளேர்ந்து தட்டுச்சி. ஒரு ஞாயித்துக்கெழம காலைல, நான் தூக்கத்துல கீறேன், அவரு தூவியெல்லாம் சிலுத்துக்குச்சி. இங்க வந்து ஒரு அசைவு இல்ல. உன் குரலு அதுக்குத் தெரியும். ஒரு தபா வந்து கூப்டு அக்கா. வரும்போது சொர்ணமுகி கல்லு கொண்டா."

புறப்பட்ட நாளன்றும் பின்பக்கச் சுவரில் ஒரு பிடி சோறு வைத்துக் காகங்களை அழைத்துவிட்டே வீட்டைப் பூட்டினேன். என் கணவர் போனபின் நான் ஒருநாளும் தவறாத காரியம் அது ஒன்றுதான்.

பாதை மெலிந்து ஜீப் இனிப் போகாது என்ற இடத்தில் முனிரத்னம் என் பையை இறக்கிவைத்தார். "திரும்பி வர்றப்போ போன் போடு. கால் வலிச்சா உக்காந்துக்கோ, ஈரோயின் மாதிரி நடக்காத" என்று எச்சரித்துவிட்டுப் போனார்.

முழங்கால் எனக்குச் சில ஆண்டுகளாகவே பகை. காட்டுச் சரிவில் கொஞ்ச தூரம் நடப்பதற்குள் அது முனகத் தொடங்கியது. அப்போது, வைக்கோல் மெத்தென்று பரப்பிய எருமை வண்டியொன்று வெறுமையாக வந்தது. வண்டிக்காரர் பக்கத்திலேயே நடந்துவந்தார். நான் முழங்காலைக் காட்டிக் கைகூப்பினேன். அவர் என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு மிகுந்த மரியாதையோடு ஏற்றி, ஒரு தூவிப் போர்வையால் மூக்குவரை போர்த்திவிட்டார். இத்தனை உபசாரமா என்று நெகிழ்ந்துபோனேன். சக்கரம் மணலில் சத்தமில்லாமல் உருண்டது. மரக்கிளைகள் தலைக்குமேல் மெல்ல நகர்ந்தன. உறங்கினேனா விழித்திருந்தேனா என்று இப்போதும் தெரியவில்லை.

முதல் ஊரில் வண்டி நின்றது. பெண்கள் கூட்டமாக வந்து, ஒவ்வொருத்தியாகக் குனிந்து, என் காதருகே அலகை வைத்து, பானைக்குள் ஊதியதுபோல "ஊ...ம்" என்று கூப்பிட்டுவிட்டுக் காத்திருந்தார்கள். நான் புன்னகைத்தேன். அவர்கள் ஒருவரையொருவர் கவலையோடு பார்த்துக்கொண்டார்கள். இரண்டாம் ஊரில் ஒருத்தி அழுதேவிட்டாள். மூன்றாம் ஊரில் எனக்கே மனம் பொறுக்காமல், "நல்லா இருக்கேம்மா" என்றேன். தெருவே குதித்தது. ஒருவர் என் கையில் பச்சைக் கம்புக் கதிர் கொடுத்தார். வண்டியைச் சுற்றி அவர்கள் பேசிக்கொண்டதை எல்லைக் காவலில் வேலை பார்த்த ஒருவர் எனக்கு மொழிபெயர்த்தார்.

"குரல் நன்றாக இருக்கிறது. ஆனால் ஓடு சுருங்கியிருக்கிறதே."

"பொரிய நாளாகும்."

"இதை இட்டவளை நினைத்துப் பார். பாவம்."

அந்தி சாயும் வேளையில் ஊலியின் ஊரை அடைந்தோம். வழியில் காத்து நின்ற ஊலி, போர்வைக்குள்ளிருந்து எட்டிப்பார்த்த என்னைக் கண்டதும் அலகைப் பிளந்து சிரித்தாள். சிரிப்போடு அவள் தோள்கள் அழுகையிலும் குலுங்கின.

"அக்கா, அது முட்டை வண்டி. முட்டையத் தவிர யாரும் ஏற மாட்டாங்க. நீ இன்னா முட்டையா?"

"முழங்கால் வலிச்சுது ஊலி."

"முழங்கா வலிச்சா உக்காந்து தேய்ச்சிக்கணும். வண்டியிலயா ஏறுவாங்க? இப்ப மூணு ஊர்ல உனக்குப் பேரு வெக்க ரெடியா கீறாங்க."

மறுநாள் அந்த ஊரைக் கண்ணாரப் பார்த்தேன். வீடுகள் நிலத்தில் வட்டமாகக் குடைந்து, மேலே புல் வேய்ந்தவை. மாடியோ படிக்கட்டோ இல்லை. தெருவெங்கும் பொடிமணல். நாம் விடிந்ததும் வாசலைப் பெருக்குகிறோம். அங்கே வாசலைப் பெருக்குவது அடாத செயல். இரவு யார் யார் வீட்டுக்குப் போனார்கள், எவர் நொண்டினார், எந்தப் பிள்ளை கோபித்துக்கொண்டு பாதிவழியில் திரும்பியது என்பதையெல்லாம் காலையில் மணலில் நின்று வாசிப்பதுதான் அவர்களுடைய செய்தித்தாள். கோலமில்லாத வாசல் எனக்கு முதலில் வெறிச்சென்று தெரிந்தது. பிறகு, மூவிரல் தடங்கள் ஒன்றையொன்று குறுக்கிட்டுக் கிடந்த அழகைப் பார்த்தபோது, இங்கே ஊரே சேர்ந்து கோலம் போடுகிறது என்று தோன்றியது. என் செருப்புத் தடத்தைச் சுற்றி ஒரு கூட்டம் நின்றது. எதிர்ப்பட்டவர்களெல்லாம் "கால் நலமா?" என்று கேட்டார்கள். அது அவர்களுடைய வணக்கம். எனக்கு மட்டும் அது உண்மையான கேள்வியாக இருந்தது.

காலை உணவுக்கு முன், பழக்கத்தில், ஒரு பிடி சோற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். ஊலி ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"இங்க வேணாம் அக்கா. மேல பாத்துக் கூப்ட்டா வூட்டுக்கு ஆவாதுன்னுவாங்க. போனவங்களைக் கூப்பிடக் கூடாது."

கையிலிருந்த சோற்றை அப்படியே தட்டில் திரும்ப வைத்துவிட்டுச் சாப்பிட்டேன். வீட்டில் விருந்தாளியை நிற்கவைத்துவிட்டு நான் மட்டும் உண்பதுபோல இருந்தது.

மோவு உள்ளறையில் ஒரு சிறு ஜன்னலோரம் அமர்ந்திருந்தான். சித்தூரில் நான் பார்த்தவன் அல்ல. கழுத்து கொடியாகியிருந்தது, தூவி உதிர்ந்த இடங்களில் தோல் தெரிந்தது. கண்கள் மட்டும் என்னை அடையாளம் கண்டு அகன்றன. அவன் வயிற்றின்கீழ், சாம்பல் பூத்த பச்சை நிறத்தில், பரங்கிக்காய் அளவில் முட்டை. அதன்மேல் கன்னத்தைச் சாய்த்து ஒரு முதிய செவியர் அமர்ந்திருந்தார். அவருடைய தூவி முழுதும் வெளுத்திருந்தது.

நான் பேசினேன். நூலகத்தில் வேலை பார்த்த நாட்களைச் சொன்னேன். மனப்பாடமாக இருந்த செய்யுட்களையெல்லாம் சொன்னேன். நகரியில் நான் பிறந்த வீட்டை, பாகாலாவில் ரயிலுக்குக் காத்திருந்த மழைநாளை, தக்காளி விலையைச் சொன்னேன். பிற்பகலில் குரல் கம்மியது. செவியர் ஒவ்வொருமுறையும் மெல்லத் தலையசைத்தார்: இல்லை.

மாலை இறங்கும்போதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது. அந்த முட்டை என் வீட்டில் இருந்த நாட்களில் நான் யாரோடு பேசினேன்? நான் உரக்கப் படிப்பவள் அல்ல. தொலைக்காட்சி வைப்பதில்லை. பால்காரரிடம் ஒரு சொல், ஊலியிடம் ஞாயிற்றுக்கிழமை நாலு சொல், அவ்வளவே. என் குரல் அதற்குத் தெரியும் என்று நம்பி இவர்கள் என்னை அழைத்திருக்கிறார்கள். என் வீட்டில் குரலே இருந்ததில்லை என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது?

"நாளைக் காலை கடைசி," என்றார் செவியர். ஊலி அதைத் தமிழில் சொல்லாமல் எழுந்து போனாள். சொல்ல வேண்டியிருக்கவில்லை.

விடிந்தது. ஊரார் அறைவாசலில் ஓசையில்லாமல் வந்து அமர்ந்தார்கள். மோவை எழுப்ப இரண்டு ஆண்கள் வந்திருந்தார்கள். முட்டையை ஏந்திச் செல்ல ஒரு புல்தொட்டிலும் வந்திருந்தது. துக்க வீட்டிலும் விருந்தாளி பசியோடு இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். ஆகவே என்முன் சோற்றுத் தட்டை வைத்தார்கள். நான் தொடவில்லை. மோவுக்கு எதிரில், கைக்கெட்டும் தூரத்தில் தரையில் அமர்ந்திருந்தேன்.

அப்போது மோவு கழுத்தை நீட்டினான். அந்த மெலிந்த கழுத்து நடுங்கிக்கொண்டே என் தட்டுவரை வந்தது. அலகால் ஒரு கவளம் சோற்றை எடுத்தான்.

வாசலில் ஓர் அலறல் எழுந்தது. அடைகாப்பவன் உணவைத் தொட்டால் குழந்தையைக் கைவிட்டான் என்று பொருள். "விட்டுவிட்டான், விட்டுவிட்டான்" என்று பெண்கள் மண்ணை அள்ளி நெற்றியில் பூசினார்கள். ஊலி சுவரோடு சரிந்தாள். வந்திருந்த இருவரும் எழுந்து முன்னே வந்தார்கள்.

மோவு விழுங்கவில்லை. கழுத்தை இன்னும் நீட்டி, அந்தச் சோற்றை ஜன்னல் விளிம்பில் வைத்தான். ஒரு பருக்கை கீழே விழ, அதையும் எடுத்து மேலே வைத்தான். பிறகு திரும்பி என்னைப் பார்த்தான். இத்தனை மாதங்கள் பேசாதிருந்தவனின் முழுப் பேச்சும் அந்தப் பார்வையில் இருந்தது.

என் வீட்டுப் பின்பக்கச் சுவர். அதற்கு நேரே பின்னறை ஜன்னல். நாள் தவறாமல், அந்த வீட்டில் உரக்க எழுந்த ஒரே குரல்.

"அவர் சாப்பிடலை! விடுங்க, அவர் சாப்பிடலை!" என்று கத்தினேன். எழுந்து ஜன்னலருகே போய், செய்யக் கூடாததைச் செய்தேன். வானத்தை நிமிர்ந்து பார்த்து, வாய்விட்டுக் கூப்பிட்டேன்.

"கா... கா... கா..."

வாசலில் எல்லாத் தலைகளும் தரையை நோக்கிக் கவிழ்ந்தன. யாரோ ஒரு கிழவர் தூவியைச் சிலிர்த்துச் சீறினார். நான் மீண்டும் கூப்பிட்டேன். என் குரல் உடைந்தது. சித்தூரில் எந்தக் காலையிலும் உடையாத இடத்தில் உடைந்தது.

முட்டைக்குள்ளிருந்து, விரல்நகத்தால் பித்தளைச் செம்பைத் தட்டியதுபோல, ஓர் ஒலி. பிறகு இன்னொன்று. பிறகு மிக மெல்லியதாக, கோபத்தோடு, ஒரு கீச்சு.

செவியர் நெடுநேரம் கன்னத்தை எடுக்கவில்லை. எடுத்தபோது அவர் கண்கள் ஈரமாக இருந்தன. "பதில்," என்றார்.

உடனே மகிழ்ச்சி பொங்கிவிடவில்லை. போனவர்களைக் கூப்பிடும் அழைப்புக்குப் பதில் சொன்ன பிள்ளையை என்ன செய்வது என்று கிழவர்கள் தாழ்ந்த குரலில் வாதிட்டார்கள். இது என்ன அழைப்பு என்று செவியர் என்னிடம் கேட்க, ஊலி இருபுறமும் மொழிபெயர்த்தாள்.

"எங்க வீட்ல இறந்தவங்களைச் சாப்பிடக் கூப்பிடறது. அவங்க காக்கையா வருவாங்கன்னு நம்பறோம். அவங்களுக்கு வெச்சிட்டுத்தான் நாங்க சாப்பிடுவோம்."

"போனவர்களிடம் சண்டையில்லையா உங்களுக்கு?"

யோசித்தேன். "சண்டை உண்டு. ஆனாலும் பசிக்குமில்லையா?"

செவியர் கிழவர்கள் பக்கம் திரும்பினார். "சோற்றுக்குக் கூப்பிட்டிருக்கிறாள். பிள்ளை சோற்றுக்குப் பதில் சொல்லியிருக்கிறது. இதில் குற்றம் காண்பவன் நாளைமுதல் தன் பிள்ளைகளைச் சாப்பிடக் கூப்பிடாமல் இருக்கட்டும்" என்றார். அதோடு வழக்கு முடிந்தது. சீறிய கிழவரே முதலில் சிரித்தார்.

மோவு அலகைத் திறந்தான். பலநாள் பூட்டிக்கிடந்த கதவைப் போன்ற குரல். அது எங்கள் சித்தூர்த் தமிழ். ஜன்னலோரம் அமர்ந்து, கேட்டுக் கேட்டே கற்றது.

"அக்கா, பசிக்குது. கல்லு வெச்சிகினு கீறியா?"

துணிப்பையை அவன்முன் கவிழ்த்தேன். சொர்ணமுகிக் கற்கள் காலை வெயிலில் உருண்டன. அவன் சோற்றோடு ஒவ்வொன்றாக எடுத்து விழுங்குவதை ஊரே உட்கார்ந்து பார்த்தது. ஊலி மட்டும், "மெதுவா துன்னுய்யா, மெதுவா" என்று அவன் முதுகை நீவிக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் ஓடு வெடித்தது. ஈரத்தோடு வெளிவந்த அந்தச் சிறு உயிர், வழக்கப்படி முதலில் மண்ணைப் பார்க்க வேண்டும். அது மேலே பார்த்தது. மோவு அதன் தலையை அலகால் மெல்லத் தாழ்த்தினான். அது மறுபடியும் நிமிர்ந்து பார்த்தது. சற்றுப் பொறுத்து, ஊலி மிகத் தயங்கி, பிள்ளை பார்த்த திசையில் தானும் தலையை உயர்த்தினாள். அவள் கண்ட வானத்தில் ஒன்றுமில்லை. கொஞ்சம் மேகம் இருந்தது.

நான் திரும்பும்போது எல்லைவரை அனைவரும் என்னோடு நடந்தார்கள். என் வேகத்துக்கு ஊரே நொண்டியது. மூன்றாம் ஊரில், அன்று கதிர் கொடுத்தவர் என்னைக் கண்டு, "பொரிந்துவிட்டது!" என்று கூவினார்.

இப்போது சித்தூரில் அதே சுவர், அதே ஒரு பிடி சோறு. பின்னறை ஜன்னல் மூடியிருக்கிறது. மாங்காய் காய்த்தால் திறக்கும். எல்லைக் கடையிலிருந்து ஊலி சில நாட்களில் அழைக்கிறாள். நான் காகங்களைக் கூப்பிடும் நேரமாகப் பார்த்து அழைப்பாள். தொலைபேசியைச் சுவரின்மேல் வைத்துவிட்டுக் கூப்பிடுகிறேன். சோற்றோடு ஒரு சிறு கல்லையும் இப்போது வைக்கிறேன். காகங்கள் வந்து, கல்லை ஒதுக்கிவிட்டு, சோற்றைத் தின்கின்றன. கல் அங்கேயே இருக்கிறது. அதன் பக்கத்தில், தொலைபேசிக்குள்ளிருந்து, மிகச் சிறிய கோபமான குரலொன்று பதில் சொல்கிறது. அதன்பிறகு நான் சாப்பிட உட்காருகிறேன்.